மாரியோ விளையாட்டு வரிசையில் இசையும் வினையும்

பாட்டைக் கேட்போன் அமர்ந்திருந்து கேட்கின்றான். கூத்தைக் காண்போன் அரங்கின் புறத்தே இருந்து காண்கின்றான். இவ்விருவர் நிலையினும் வேறாய ஒரு நிலை, வீடியோ விளையாட்டு என வழங்கும் கலைவகையில் உண்டு. அதன்கண் ஓவியமும் இசையும் ஓரளவு கதையும் விரவியிருப்பினும், அதனை நுகர்வோன் புறத்தே நிற்பவன் அல்லன். தன் கையால் வினை செய்பவன். அவன் வினை செய்யாதொழியின் அக்கலைப்பொருள் மேற்செல்லாது. நுகர்வோனே ஆடுவோனும் ஆகும் இவ்வியல்பினால், இக்கலையில் அமைந்த இசையைத் திறனாய்தற்கு அரங்கிசையை ஆராயும் அளவைகள் மட்டும் போதா என்பது வெளிப்படை.

இக்கட்டுரைக்கண் யாம் எடுத்துக்கொண்ட பொருள், ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனத்தார் 1985ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் ‘சூப்பர் மாரியோ’ விளையாட்டு வரிசையின் இசையாகும். உயர்ந்தும் தாழ்ந்தும் அமைந்த மேடைகளின்மீது ஓடியும் தாவியும் செல்லும் விளையாட்டைப் ‘பிளாட்பார்ம்’ விளையாட்டு என்பர். அவ்வகைக்கு எடுத்துக்காட்டாய் நிற்பது இவ்வரிசை. இதன் இசையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் மெட்டு உலகெங்கும் அறியப்பட்டமையையே போற்றுவர். அறியப்பட்டமை புகழாகுமேயன்றிச் சிறப்பிற்குக் காரணம் ஆகாது. இசை வினையோடு கொண்ட பிணைப்பே இவ்வரிசையின் தனிச்சிறப்பு என்பதும், அப்பிணைப்பை விடுத்து மெட்டை மட்டும் காத்துவைப்பின் மரபின் ஒரு பாதியே காக்கப்பட்டதாகும் என்பதும் யாம் ஈண்டு நிறுவ விழையும் கருத்துகள்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி முற்றிலும் புறம்பானது அன்று. ஜப்பானியர் விளையாட்டுக்கும் நம் நூல்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு யாதும் இல்லை. அத்தகைய தொடர்பு ஒன்றைக் கற்பித்தல் எம் கருத்தும் அன்று. ஆயினும், இசையை நிலத்தோடும் ஆடலோடும் சேர்த்து எண்ணிய பழைய நூல்கள் நம்மிடம் உள்ளன. தொல்காப்பியம் யாழையும் பறையையும் கருப்பொருள்களுள் வைத்து எண்ணுகின்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் முதலியோர் இலக்கணங்களை ஒருங்கு வைத்துக் கூறுகின்றது. இசை தனித்து நிற்கும் பொருள் அன்று. நிலத்திற்கும் ஆடலுக்கும் உரியது என்னும் இக்கொள்கை, நாடும் காலமும் கருவியும் வேறாயினும், ஒரு புதிய கலையை அளந்து நோக்குதற்கு நமக்குக் கைவரப்பெற்ற அளவையாகும்.

கருவியின் எல்லை

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் முதல் விளையாட்டு 1985 செப்டம்பர் 13ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. அதனை வடிவமைத்தோருள் தலையாயவர் சிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசூக்கா என்போர். இசையமைத்தவர் கோஜி கோண்டோ. அவர் 1961இல் நகோயா நகரிற் பிறந்து, ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1984இல் நின்டெண்டோவிற் பணியேற்றவர். மெட்டுகளை மட்டுமன்றித் தாவுதல், நாணயம் எடுத்தல் முதலிய செயல்களுக்குரிய ஒலிகளையும் அவரே அமைத்தார். இச்செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. மெட்டை ஒருவரும் வினையொலியை மற்றொருவரும் அமைத்திருப்பின் இரண்டும் அயலாய் நின்றிருத்தல் கூடும். ஒருவரே இரண்டையும் அமைத்தமையால் அவை ஒரே இசையின் இரு கூறுகளாய் இயைந்தன.

அவ்விளையாட்டு ஓடிய கருவி, 1983இல் வெளிவந்த ‘பேமிகாம்’ என்பது. அதன் ஒலியமைப்பில் ஐந்து குரல்களே உண்டு. துடிப்பலைக் குரல் இரண்டு. முக்கோண அலைக் குரல் ஒன்று. இரைச்சற் குரல் ஒன்று. முன்னரே பதிந்த ஒலியை எழுப்பும் குரல் ஒன்று. முக்கோண அலைக் குரலின் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. 1985ஆம் ஆண்டு விளையாட்டு ஐந்தாம் குரலைப் பயன்கொள்ளவில்லை. ஆகவே, துடிப்பலை இரண்டும் மெட்டையும் துணைமெட்டையும் தாங்க, முக்கோண அலை அடிநாதமாய் நிற்க, இரைச்சல் தாளத்தை உணர்த்த, நான்கு குரல்களாலேயே இசை முழுதும் நடைபெற்றது. படங்களும் கட்டளைகளும் இசையும் உட்பட விளையாட்டு முழுதும் அடங்கிய இடம் 40 கிலோபைட்டு மட்டுமே.

இவ்வெல்லையிலிருந்தே ஓர் அரிய விளைவு தோன்றியது. வினையொலிக்கெனத் தனிக்குரல் இல்லை. ஆடுவோன் மாரியோவைத் தாவச் செய்யுங்கால், இசைக்குரிய துடிப்பலைக் குரல் ஒன்று அக்கணத்திற்குத் தன் பணியை விடுத்து, மேனோக்கி எழும் தாவல் ஒலியை இசைக்கின்றது. நாணயம் எடுக்குங்கால் மற்றைத் துடிப்பலைக் குரல் அவ்வாறே இடம்விட்டு, ஒன்றினும் ஒன்று உயர்ந்த இரண்டு சுரங்களை ஒலிக்கின்றது. ஒலி முடிந்தவுடன் அக்குரல் மெட்டு எவ்விடத்துச் சென்றுள்ளதோ அவ்விடத்திற் போய்ச் சேர்கின்றது. ஆடுவோனுடைய வினை இசையின் மேல் ஏறிநிற்பதன்று. இசையின் உட்புகுந்து அதன் குரலொன்றைத் தனதாக்கிக் கொள்கின்றது. ஆகலின், இருவர் ஆடும்பொழுது கேட்கும் இசை ஒன்றாயிராது. ஒருவரே இருமுறை ஆடினும் ஒன்றாயிராது. தாளிற் குறித்துவைத்த மெட்டு ஒன்றே; நிகழும் இசையோ ஆடுவோன்தோறும் வேறு. கருவியின் வறுமை கலையின் வளமாய் மாறிய இடம் இது.

நான்கு நிலமும் நான்கு இசையும்

முதல் விளையாட்டில் எட்டு உலகங்களும், உலகம் ஒன்றிற்கு நான்கு கட்டங்களாக 32 கட்டங்களும் உள்ளன. அவற்றின் நிலங்களோ நான்கு வகையுள் அடங்கும். அவை, நிலப்பரப்பு, நிலத்தின் அடி, நீரகம், கோட்டை என்பன. ஒவ்வொன்றற்கும் உரிய இசை வேறு. நிலப்பரப்பின் இசை துள்ளும் நடையது; வலுவான தட்டுகளுக்கு இடையே ஒலிகள் முந்தியும் பிந்தியும் விழுதலால் நிலைகொள்ளாத ஓர் எழுச்சி அதன்கண் உண்டு. நிலத்தடியின் இசை, தாழ்ந்த குரலில் சில சுரங்களை உதிர்த்து, பின் வாளா இருந்து, மீண்டும் உதிர்ப்பது. அதன் சிறப்பு ஒலியினும் ஒலியற்ற இடைவெளியில் மிகுதியும் உள்ளது. நீரகத்தின் இசை, மேனாட்டார் ‘வால்ட்ஸ்’ என்னும் மூன்று தட்டு நடையது. கோட்டையின் இசை மிகக் குறுகியது. நெருங்கிய சுரங்களில் ஓயாது சுழன்று அச்சத்தை எழுப்புவது.

இவை நிலத்தின் தோற்றத்தைப் புனைவன என்று மட்டும் கொள்ளுதல் சாலாது. நிலந்தோறும் ஆடுவோன் செய்யும் வினை வேறு என்பதனை நோக்குதல் வேண்டும். நிலப்பரப்பில் அவன் ஓடித் தாவுகின்றான். விழுதல் விரைவாய் நிகழ்கின்றது. நீரகத்திலோ ஒருமுறை அழுத்தின் மாரியோ சிறிது மேலெழுந்து, மெல்லத் தாழ்கின்றான். மீண்டும் அழுத்த மீண்டும் எழுகின்றான். எழுதலும் தாழ்தலுமாகிய இவ்வசைவிற்கு இரண்டு தட்டு நடையினும் மூன்று தட்டு நடையே பொருந்தும். முதற்றட்டில் ஊன்றி, பின்னிரண்டில் மிதந்து செல்லும் அந்நடை, நீந்துவோன் கையின் நடையேயாகும். நிலத்தடியில் செங்கற்கூரை தலைமேல் தாழ்ந்திருத்தலின், ஆடுவோன் நின்று நோக்கி அடியெடுத்து வைக்கின்றான். இசையும் நின்று நோக்கிச் செல்கின்றது. கோட்டையில் சுழலும் நெருப்புக்கோல்களுக்கு இடையே காலம் பார்த்து நுழைதல் வேண்டும். சுழலும் சிறு மெட்டு அச்சுழற்சிக்கு இணையாகின்றது.

இக்கருத்திற்கு அரணாக இசையமைத்தோரின் சான்றே உண்டு. நிலப்பரப்பிற்கெனத் தாம் முதற்கண் அமைத்த மெட்டு, மாரியோ ஓடித் தாவும் அசைவோடு பொருந்தாமையால் அதனைக் கைவிட்டு வேறொன்று அமைத்ததாகக் கோண்டோ நேர்காணல்களிற் கூறியுள்ளார். கைவிடப்பட்ட மெட்டு கேட்டற்கு இனியதா அன்றா என்பது ஈண்டு வினா அன்று. ஆடலோடு பொருந்தாமை ஒன்றே அதனை விலக்குதற்குப் போதிய காரணமாயிற்று. ஆடலை நோக்கித் தண்ணுமை நடக்கும் முறைமை அறிந்தார்க்கு இத்தீர்ப்பு வியப்பளியாது.

மடக்கும் மண்டலித்தலும்

வீடியோ விளையாட்டின் இசைக்கு முடிவு இல்லை. ஆடுவோன் எத்துணைக் காலம் ஆடுவான் என்பது முன்னரே அறியப்படாமையின், மெட்டின் இறுதி அதன் தொடக்கத்திற் சென்று சேருமாறு அமைத்தல் இன்றியமையாததாகின்றது. இறுதி முதலோடு சேர்ந்து வட்டமாய் நிற்றலை அந்தாதி இலக்கணத்தில் மண்டலித்தல் என்போம். மண்டலித்த அந்தாதியில் எவ்விடம் முதல், எவ்விடம் ஈறு என்பது ஓதுவார்க்குத் தோன்றாது. கோண்டோவின் நிலப்பரப்பு இசையும் அத்தகையதே.

அதன் அமைப்பு எளியது. சிறியதொரு தொடக்கமும் நான்கு பகுதிகளும் அதற்கு உறுப்பு. முதற்பகுதி இருமுறை, இரண்டாம் பகுதி இருமுறை, மூன்றாம் பகுதி ஒருமுறை. மீண்டும் முதற்பகுதி இருமுறை, நான்காம் பகுதி இருமுறை, மூன்றாம் பகுதி ஒருமுறை. ஈற்றில் நான்காம் பகுதி ஒருமுறை என வந்து, மெட்டு மறுபடியும் தொடங்குகின்றது. உறுப்புகளைச் சேமித்துவைத்து, அவற்றை வேறுவேறு முறையில் அழைத்துக் கோத்தமையால், குறைந்த இடத்தில் நீண்ட இசை கிடைத்தது. அதனோடு, அடுத்து வருவது இன்னது என்று கேட்போன் எளிதில் அறுதியிட இயலாமையால் சலிப்பும் நீங்கிற்று.

ஆயினும், இடம் சுருங்கியதும் சலிப்பு நீங்கியதும் மட்டும் கூறின், மீண்டு வருதலின் பயன் முழுதும் விளங்காது. மடக்கு என்னும் அணியைத் தண்டியலங்காரம் விரித்துரைக்கின்றது. எழுத்துத் தொடர் ஒன்றே மீண்டும் வரினும் பொருள் வேறாதல் அதன் இலக்கணம். மாரியோ இசையும் மடக்கேயாகும். மெட்டு ஒன்றே, ஆனால் அது முதன்முறை வரும்பொழுது ஆடுவோன் அறியாத வெளியிற் கால்வைக்கின்றான், மறுமுறை வரும்பொழுது பள்ளத்தின் விளிம்பில் நிற்கின்றான். முதன்முறை வியப்பாய் ஒலித்தது மறுமுறை அச்சமாய் ஒலிக்கின்றது. பொருளை வேறாக்குவது மெட்டு அன்று; ஆடுவோன் நிற்கும் இடமும் அவன் செய்யப்புகும் வினையுமே.

மற்றும் ஒன்று உண்டு. இவ்விளையாட்டில் மெட்டு மீண்டும் தொடங்குதற்குப் பெருங்காரணம் வட்டம் முற்றுதல் அன்று, ஆடுவோன் தோற்றலே. மாரியோ வீழ்ந்தவுடன் இசை அறுபட்டு, வீழ்ச்சிக்குரிய சிறு மெட்டு ஒலித்து, அடுத்த உயிர் தொடங்குங்கால் நிலத்தின் இசை முதலிலிருந்து எழுகின்றது. திறம் குறைந்த ஆடுவோன் முதற்பகுதியையே பல்கால் கேட்கின்றான்; திறம் வளர வளர மெட்டின் பிற்பகுதிகள் அவன் செவிக்கு எட்டுகின்றன. உலகோர் நினைவில் முதற்பகுதி ஆழப் பதிந்தமைக்குக் காரணம் அதன் இனிமை மட்டும் அன்று; எண்ணற்றோர் எண்ணற்ற முறை தோற்று மீண்டும் முயன்றமையும் ஒரு காரணம் என்று யாம் கருதுகின்றோம். மெட்டின் புகழுக்குள் முயற்சியின் வரலாறு ஒன்று புதைந்து கிடக்கின்றது.

ஆடுவோன் நிலை மாறுங்கால் இசையின் நிலையும் மாறுகின்றது. காலக்கணக்கு 100 என்னும் எண்ணை அடைந்தவுடன் எச்சரிக்கை மெட்டு ஒன்று ஒலித்து, அதன்பின் அதே இசை விரைந்த நடையில் வருகின்றது. மெட்டு மாறவில்லை, நடை ஒன்றே மாறிற்று. எனினும் ஆடுவோன் கை பதறுகின்றது. விண்மீனைத் தொட்டுக் கேடின்மை பெற்றவழி வேறொரு விரைந்த மெட்டு வந்து, அவ்வலிமை நீங்கியவுடன் தானும் நீங்குகின்றது. ஆடுவோன் தன் வலிமை எஞ்சியுள்ளதா என்பதனைக் கண்ணால் அறியுமுன் செவியால் அறிகின்றான். இசை ஈண்டு அணி அன்று, அறிவிப்பு.

பின்வந்த விளையாட்டுகள்

முதல் விளையாட்டில் அமைந்த இப்பிணைப்பைப் பின்வந்தவை எவ்வாறு போற்றின என்று காண்டல் முறையாகும். 1988இல் வந்த மூன்றாம் விளையாட்டு, முன்னர்ப் பயன்கொள்ளப்படாத ஐந்தாம் குரலைத் தோற்கருவி ஒலிகளுக்குக் கொண்டது. உலகந்தோறும் வரும் நிலப்படத்திற்கும் தனித்தனி இசை வகுத்தது. வகை பெருகிற்று, பிணைப்பின் இயல்பு மாறவில்லை.

1990இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்டு’ வேறொரு நெறியில் நின்றது. அதன் கருவி ஒருங்கே எட்டுக் குரல்களை எழுப்ப வல்லது. வளம் மிக்கபொழுது மெட்டுகளை மிகுத்தலே எவரும் செய்யக்கூடியது. கோண்டோ அதற்கு மாறாக, ஒரு மெட்டையே நிலப்பரப்பிற்கும் நிலத்தடிக்கும் நீரகத்திற்கும் ஏற்ப நடையும் குரலும் மாற்றி அமைத்தார். முதல் விளையாட்டு நிலந்தோறும் இசை வேறு எனப் பிரித்தது. இவ்விளையாட்டு எந்நிலத்தும் செல்வோன் ஒருவனே என்பதனை இசையால் உணர்த்திற்று. அன்றியும், யோஷி என்னும் ஊர்தி விலங்கின்மேல் மாரியோ ஏறியவுடன் அதே இசையோடு தோற்கருவித் தாளம் ஒன்று சேர்கின்றது, இறங்கியவுடன் நீங்குகின்றது. மெட்டை அறுக்காமலே வினையை இசையில் ஏற்றும் இம்முறை, எளிமையிலும் நுட்பத்திலும் இவ்வரிசையின் சிறந்த பகுதிகளுள் ஒன்று எனத் தகும்.

1996இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ முப்பரிமாண வெளியைக் கொண்டது. அதன்கண் நீர்நிலைக்கு அமைந்த இசை அடுக்கடுக்காய் வளர்கின்றது. நீரின் வெளியே மெல்லிய மெட்டு. நீருட் புக்கவழி நரம்புக்கருவிகளின் குரல் அதனோடு சேர்கின்றது. அப்பாலுள்ள குகையை அடைந்தவழித் தாளமும் சேர்கின்றது. ஆடுவோன் எத்துணை ஆழம் சென்றான் என்பதனை இசை அளந்து காட்டுகின்றது. அதே விளையாட்டில் மற்றோர் இடம் இன்னும் வியக்கத்தக்கது. 70 விண்மீன்களைத் தேடிப்பெறாமல் இறுதிப் படிக்கட்டில் ஏறுவோன் எத்துணை நேரம் ஏறினும் உச்சியை அடையான். அப்படிக்கட்டில் ஒலிக்கும் இசையும் மேன்மேலும் உயர்வதுபோலத் தோன்றி, உண்மையில் எங்கும் உயராது சுழல்கின்றது. தகுதி பெறாதவன் முயற்சி வீண் என்பதனை ஒரு சொல்லும் இன்றி இசையே கூறுகின்றது.

2007இல் வந்த ‘சூப்பர் மாரியோ கேலக்சி’யில் மகித்தோ யோக்கோட்டாவும் கோண்டோவும் அமைத்த இசையின் பெரும்பகுதி சேர்ந்திசைக் குழுவினரால் இசைக்கப்பெற்றுப் பதிவுசெய்யப்பட்டது. பதிவுசெய்த இசை வினைக்கு நெகிழாது என்னும் ஐயம் எழுதல் இயல்பே. எனினும், மாரியோ பந்தின்மேல் நின்று உருட்டிச் செல்லும் பகுதியில், பந்து விரையுந்தோறும் இசை விரைந்து, தளருந்தோறும் தளர்கின்றது. புதிய வளத்திடையேயும் பழைய நெறி மறக்கப்படவில்லை என்பதற்கு இது சான்று.

குறையும் கூறாதொழிதல் திறனாய்வு ஆகாது. 2006இல் வெளிவந்த ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில், இசையிடையே மாந்தர் குரலொத்த ஓர் ஒலி எழும்பொழுது பகைவிலங்குகள் துள்ளுகின்றன. இசை பகைவரின் அசைவையும் ஆளுகின்றமையின், தாளம் உணர்ந்தவனுக்கு அது துணையாகும். ஆயினும், 2009இலும் 2012இலும் அப்பெயரால் தொடர்ந்து வந்தவற்றில் அம்முறையே திரும்பத் திரும்ப வந்து வழக்கமாய்த் தேய்ந்தது. முதற்கண் கண்டுபிடிப்பாய் இருந்தது பின்னர் அடையாளக்குறி ஆயிற்று. பொருள் வேறுபடாமல் சொல் மட்டும் மீளின் அது மடக்கு ஆகாது; கூறியது கூறலே ஆகும்.

2017இல் வந்த ‘சூப்பர் மாரியோ ஒடிசி’ சொல்லமைந்த பாட்டு ஒன்றை நடுநாயகமாகக் கொண்டது. பாட்டு வினையைக் கடந்து தனித்து நின்றுவிடும் என்று அஞ்சுதற்கு இடமுண்டு. ஆனால், பவுலின் என்பாள் அப்பாட்டைப் பாடுமுன், ஆடுவோன் நகரெங்கும் திரிந்து இசைவாணர் நால்வரைத் தேடிச் சேர்த்தல் வேண்டும். அதன்பின் நிகழும் விழாவில் பாட்டு ஒலிக்க, ஆடுவோன் பழைய விளையாட்டின் தோற்றத்தில் அமைந்த மேடைகளில் ஓடித் தாவுகின்றான். பாட்டு அவனுக்குக் கிடைத்த பரிசாகவும் அவன் ஆடலுக்குத் தாளமாகவும் நிற்கின்றது. 2023இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ விளையாட்டின் தொடக்கப் பகுதியிலேயே, ஊனுண்ணும் செடிகள் பாடிக்கொண்டு அணிவகுத்துச் செல்லும் கட்டம் ஒன்று உண்டு. ஆண்டும் இசை நிலத்தையே அசைக்கின்றது.

மரபு எது?

இனி, மாற்றார் கூற்றை ஆராய்வாம். மெட்டு விளையாட்டினின்று பிரிந்து சென்று தானே வாழ்கின்றதே. சேர்ந்திசை அரங்குகளிலும் திரைப்படத்திலும் ஒலிக்கின்றதே. ஆடி அறியாதாரும் அதனை அறிவரே. ஆகவே மெட்டே மரபு, வினை அதனைச் சுமந்து வந்த ஊர்தி மட்டுமே என்று அவர் கூறுவர். இக்கூற்று எளிதில் தள்ளத்தக்கது அன்று. 2023 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் கோண்டோவின் மாரியோ இசையைச் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் வீடியோ விளையாட்டு இசை அதுவே. அவ்வாண்டிலேயே வெளிவந்த மாரியோ திரைப்படத்திலும் கோண்டோவின் மெட்டுகள் பிரையன் டைலரின் இசையோடு கலந்து வந்தன. 2024 அக்டோபரில் நின்டெண்டோ நிறுவனத்தார் தம் விளையாட்டுகளின் இசையைத் தனியே கேட்டற்குரிய செயலி ஒன்றையும் வெளியிட்டனர். மெட்டு தனித்து வாழும் ஆற்றல் உடையது என்பதனை இவை காட்டுகின்றன.

ஆயின், அவ்வாழ்வின் இயல்பை உற்றுநோக்குதல் வேண்டும். மேற்கூறிய செயலியில் சில மெட்டுகளை 15, 30, 60 நிமிடங்கள் என நீட்டிக் கேட்டற்கு வழி உண்டு. வட்டமாய் அமைந்த மெட்டு ஆதலின் தடையின்றி நீளுகின்றது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் தாவல் ஒலி மெட்டிற் புகுவதில்லை. காலம் குறைந்து நடை விரைவதில்லை. வீழ்ந்து மீண்டும் தொடங்குவதில்லை. பொருள் வேறுபடுத்தும் வினை நீங்கியமையின் மடக்கு தேய்ந்து வெறும் மீள்வு ஆகின்றது. இனிமை எஞ்சுகின்றது, அவ்வினிமை பிறந்த காரணம் எஞ்சவில்லை.

இவ்வரிசையின் புறத்தேயும் ஒரு சான்று காட்டலாம். 2021 ஜூலை 23ஆம் நாள் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்குத் தொடக்கவிழாவில், பல நாட்டு வீரரும் அணிவகுத்து வருங்கால் ‘டிராகன் குவெஸ்ட்’, ‘சோனிக்’ முதலிய ஜப்பானிய விளையாட்டுகளின் இசை முழங்கிற்று. நின்டெண்டோவின் மாரியோ இசை அவற்றுள் இல்லை. முழங்கியவை கம்பீரமாகவே முழங்கின. எனினும், ஒருவன் தன் கைவினையால் உலகொன்றைக் கடந்து செல்லுதற்கு அமைந்த இசை, பலர் நடந்து செல்லுதற்கு உரிய அணிவகுப்பு இசையாய் மாறிற்று. அது மாற்றமே, இழிவு அன்று. ஆனால், மாறியது இன்னது என்று அறிந்து போற்றுதல் வேறு. மாறியதே மூலம் என மயங்குதல் வேறு.

இம்மயக்கத்தின் விளைவைத் தமிழர் நன்கு அறிவர். பரிபாடற் பாடல்கள் இசைப்பாடல்கள். அவற்றின் ஈற்றில் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தோர் பெயரும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. குறிப்பு நிற்கின்றது, பாட்டின் சொல்லும் நிற்கின்றது, இசை வகுத்தோர் வகுத்த மெட்டு எங்கே? அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் கண்ட உரை இருந்தும், மாதவி ஆடிய ஆடலை நாம் காண இயலவில்லை. முத்தமிழுள் எழுத்தில் அடங்குவது நின்றது. நிகழ்ச்சியில் வாழ்வது மறைந்தது. எழுதி வைத்தோர் அசட்டையர் அல்லர். எதனை எழுத இயலுமோ அதனையே அவர் எழுதினர்.

ஒலிப்பதிவு எதனைப் பதிய இயலுமோ அதனையே பதிகின்றது. பரிபாடலில் சொல் எஞ்சி மெட்டு மறைந்தது. மாரியோ இசையில் மெட்டு எஞ்சி வினை மறைதல் கூடும். இன்று அவ்விளையாட்டுகளை ஆடுதற்கு வழி இருக்கின்றது. நிறுவனத்தார் பழையவற்றைப் புதிய கருவிகளில் மீண்டும் மீண்டும் வெளியிட்டும் வருகின்றனர். ஆயினும், ஆடும் கருவியும் அதன் விசையும் ஆடுவோன் கைப்பழக்கமும் நூலகப் பட்டியலில் அடங்குவன அல்ல. நான்கு குரல்களுள் ஒன்று தாவலுக்கு இடம்விட்டு விலகி நின்ற அக்கணம், ஆடுவார் இல்லாவழி நிகழாது.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. மாரியோ வரிசையின் இசை, நிலத்திற்கும் அந்நிலத்து நிகழும் வினைக்கும் ஒருங்கே உரியதாய் அமைந்தது. கருவியின் வறுமை காரணமாக வினையொலி இசையின் உட்புகுந்து அதன் உறுப்பாயிற்று. மெட்டு மண்டலித்து வரினும், ஆடுவோன் நிலை வேறுபடுதலால் வருந்தோறும் பொருள் வேறுபட்டது. வளம் மிக்க பிற்காலத்தும் சிறந்து நின்ற பகுதிகள் இப்பிணைப்பைப் புதுவழியிற் போற்றியவையே. அதனை அடையாளக்குறியாக மட்டும் கொண்டவை தளர்ந்தன. எனவே, இவ்வரிசை விட்டுச்செல்லும் பேறு ஒரு மெட்டு அன்று. இசை வினையோடு ஒன்றி நடத்தற்குரிய ஒரு முறைமையாகும்.

இத்தகைய கலைகளை ஆராயப் புகும் இளைய ஆராய்ச்சியாளர், ஒலிப்பதிவை மட்டும் கேட்டு எழுதாது, ஆடியும் ஆடுவாரைக் கண்டும் எழுதுவாராக. எந்த வினையின்போது எக்குரல் விலகிற்று, எந்நிலையில் நடை மாறிற்று, எங்கே மெட்டு அறுபட்டது என்பவற்றை நிகழுங்காலத்திலேயே குறித்துவைப்பாராக. பரிபாடலுக்கு இசை வகுத்தோர்தம் பெயரை மட்டும் படித்து நிற்கும் நமக்கு, அத்தகைய குறிப்பு ஒன்றன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.